புஷ்பத்துக்கு வாங்கிப் போன பதுளை

யோசனைக்கு விதை விழுந்தது பதுளை ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் வைத்து. டாக்டர் கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். என் தங்கச்சி புஷ்பத்தின் தொடை எலும்பு இரண்டாக முறிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. மழையில் ஊறிய மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு கால் வழுக்கி விழுந்து அன்றைக்கு மூன்றாவது நாள்.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை மனதுக்குள் தமிழில் மாற்றிக்கொண்டே கேட்டேன். வெட்டித் திறந்து தகடு வைத்தால் கால் நேராகும். ஆனால் பிள்ளையின் உடம்பில் இரத்தம் காணாது. ஒரு போத்தல் ஏற்றியாகிவிட்டது, மிச்சத்தைச் சாப்பாடுதான் ஏற்ற வேண்டும். பத்து நாள் பார்ப்பார். தேறாவிட்டால் கத்தி வைக்க மாட்டார், மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். எலும்பு அதன் பாட்டுக்குக் கோணலாகக் கூடிக்கொள்ளும். பிடித்தது எதுவானாலும் வாங்கிக் கொடு, சாப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் படத்தைத் தூக்கினார்.

கோணல் காலை வைத்துக்கொண்டு மடுல்சீமை மலையில் யாரும் கொழுந்து பறிக்க முடியாது. பதினேழு வயதில் அவள் பேர் தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவான செக்ரோலிலிருந்து போய்விடும். பிறகு அம்மா ஒருத்தியின் சம்பளம். அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்ட காலம் இது. அந்த மூன்று நாளும் காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் அம்மா நின்றாக வேண்டும் என்பதால், பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஒன்றரை வருடமாக வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த நான்தான் புஷ்பத்தோடு வந்திருந்தேன். தீபாவளிச் சீலைக்கு என்று முடிந்து வைத்திருந்த காசை அம்மா அப்படியே அவிழ்த்துக் கொடுத்திருந்தார்.

வார்டுக்குத் திரும்பியதும் புஷ்பத்திடம் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். அவள் யோசித்தாள். ரொட்டி, கீரை, மரவள்ளிக் கிழங்கு. இவற்றில் பிடித்தது எது என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. கடைசியில் அவளே என்னைக் கேட்டாள். "டவுன்ல என்னென்ன விக்கிறாங்க அண்ணே?"

எனக்குப் பற்றிக்கொண்டது. பதுளையில் மூன்று வருடம் போர்டிங்கில் இருந்து படித்தவன் நான். கையில் காசில்லாமல் பஸ் ஸ்டாண்டையும் சந்தையையும் மூக்கால் மட்டுமே தின்றவன். இப்போது காசும் காரணமும் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன. தெருவில் விற்கிற எல்லாவற்றையும் நானே முதலில் தின்று பார்ப்பது, நல்லதைப் பொறுக்கிப் புஷ்பத்துக்குக் கொண்டுபோவது, எது எங்கே எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுவது. பத்து நாளில் பதுளை முழுவதும் தங்கச்சியின் வயிற்றுக்குள் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள் தூக்கமில்லாத எனக்கு அது ஒரு பெரிய சந்தோஷமாக இருந்தது.

முதல் நாள் கடலைக்காரரில் தொடங்கினேன். பஸ் ஸ்டாண்ட் மூலையில், நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த வண்டி. கடலையோடு தேங்காய்ச் சொட்டையும் செத்தல் மிளகாயையும் போட்டுப் புரட்டி, தகரக் குவளையால் அள்ளிக் காகிதச் சுருளில் கொட்டுகிறார். குவளைக்குள் விரலை விட்டுக்கொண்டு அளக்கிறார் என்பதை அடுத்து நின்ற சிங்கள மனுசர் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணனின் விரலையும் சேர்த்துத்தான் விற்கிறீர்களா?" என்று அவர் கேட்க, கடலைக்காரர் கொஞ்சமும் வெட்கப்படாமல், விரலுக்குத் தனிக் காசு வாங்குவதில்லை என்று சிங்களத்திலேயே பதில் சொன்னார். எனக்குக் கிடைத்த சுருள் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கணக்குத் தாள். ஐந்து கணக்கில் ஒன்றுதான் சரி.

தோட்டத்தில் கடலை என்றால் சம்பள நாளில் மட்டும். தொழிற்சாலை வாசலில் ஒரு ஆள் பாய் விரிப்பான், மறுநாள் பாயும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். இங்கே ஒவ்வொரு நாளும் சம்பள நாள்போல ஒரு மனுசன் நின்று புரட்டிக்கொண்டே இருக்கிறான். அதைப் பார்த்து நிற்பதே ஒரு சாப்பாடு.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க விடுவார்கள், ஒரு மணிக்கு பெல். சாயங்காலமும் அப்படி ஒரு மணி நேரம். காலில் பாரம் கட்டி இழுத்து வைத்திருந்ததால் புஷ்பத்தால் திரும்பிப் படுக்கவும் முடியாது. சுருளை வாங்கி மணந்து பார்த்தாள். உள்ளே எத்தனை இருக்கும் என்று கேட்டாள். எண்ணியா விற்கிறார்கள், சாப்பிடு என்றேன். இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, பொம்பளை வார்டில் ஆம்பளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தின்னக் கூச்சமாக இருக்கிறது, நீ போன பிறகு சாப்பிடுகிறேன் என்றாள். நியாயம்தான். அடுத்த கட்டிலில் சோமாவதி என்ற சிங்கள அக்கா, கையில் கட்டோடு, எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் போனபோது சுருள் இல்லை. முடிந்ததா என்றேன். "ம்" என்றாள். அன்றைக்குக் கொப்பியில் கடலைக்கு நேரே பெரிதாக ஒரு சரி போட்டேன்.

இரண்டாம் நாள் விடியும்போதே தூறல். பதுளை மலைகளுக்கு நடுவில் ஒரு சட்டிபோலக் கிடக்கிறது. மேகம் இறங்கினால் மூடியும் போட்டாகிவிடும். நான் தங்கியிருந்த கோயில் மடத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தால், வழி நெடுகப் பேக்கரிகளின் முன்னால் பாண் வரிசை. ரேஷன் கூப்பன் புத்தகத்தைச் சேலைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பெண்கள் நனைகிறார்கள். தேத்தண்ணிக் கடையில் சீனி இல்லை, உள்ளங்கையில் ஒரு சின்னக் கருப்பட்டித் துண்டை வைக்கிறார்கள். ஒரு கடி, ஒரு மிடறு. எனக்கு முன்னால் நின்றவர் கடிக்காமல் நக்கிக்கொண்டே மூன்று கோப்பை குடித்ததைப் பார்த்தேன்.

சந்தைப் பக்கம், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் வடைக்காரர். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி எண்ணெய்ப் புகையில் பழுப்பாகிவிட்டது. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் கொப்பியில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, யார், சுகாதாரப் பகுதியா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறியது. ஒரு வடையைக் கிள்ளி என் கையில் வைத்துத் தின்னச் சொன்னார். வெளியே மொறுமொறு, உள்ளே ஏதோ மாவுபோல இழுக்கிறது.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றார் நானா. "இது வடை இல்ல. வடைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மரவள்ளியும் கவ்பிப் பயறும். பருப்ப நான் கண்ணால கண்டு மாசமாச்சு."

எனக்கு அதுவே ருசியாக இருந்தது. மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டால் மரவள்ளியும் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறது. நாலு வடையைத் தாமரை இலையில் கட்டி வாங்கினேன். நோயாளிக்கு என்று நானா ஐந்தாவதாக ஒன்றைத் திணித்தார். இரத்தம் ஏற வேண்டும் என்றால் உண்மையான பருப்பு வடைதான் நல்லது, தெமோதரையில் ரயிலில் விற்கிற ஒரு ஆளிடம் மட்டும் எப்படியோ பருப்பு இருக்கிறது என்றும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

புஷ்பம் வடையைப் பார்த்ததும் சிரித்தாள். விழுந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஓரத்தைப் பிய்த்துத் தின்றாள். பிறகு இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டாள். வடையைத் தாங்கவா வாங்கினேன், சூட்டோடு தின்னு என்றேன். நானாவின் ஒன்றுவிட்ட தம்பிக் கதையை அவளுக்குச் சொல்லி, சோமாவதி அக்காவுக்கும் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். வார்டே சிரித்தது. நானும் ஒரு வடையைத் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூட வாசலில் அச்சாறு. ஒரு சிங்கள அம்மா பெரிய பேசினில் அன்னாசி, அம்பரலங்காய், வெரளிக்காய் எல்லாவற்றையும் உப்பு, மிளகாய், வினாகிரியில் ஊறப்போட்டு வைத்திருந்தார். காரம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். "தோட்டத்து ஆளுங்களுக்கு நாக்கும் மண்வெட்டிபோல," என்று பக்கத்தில் நின்ற கிளார்க் ஒருவர் சொல்ல, அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு நாக்கு மென்மைதான் மாத்தயா, போன கிழமை வாங்கினதுக்குக் காசு கேட்டால் மட்டும் அது அசையாது," என்றார். கிளார்க் போய்விட்டார். எனக்கு ஒரு கரண்டி கூடக் கிடைத்தது. அதோடு எள்ளுருண்டை நான்கும் வாங்கிக்கொண்டேன். எள்ளில் இரத்தம் ஊறும் என்று பள்ளிக்கூடச் சுகாதாரப் பாடத்தில் படித்த ஞாபகம்.

ஒன்றைக் கவனித்தேன், கவனித்தும் எழுதாமல் விட்டேன். மூன்று நாளும் நான் கொண்டுபோனது எல்லாம் மறுதரம் போகும்போது முடிந்திருந்தது. ஆனால் புஷ்பத்தின் உதடு இன்னும் அதே வெள்ளை. உடனே தெரியாது, உள்ளே ஊறிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் தெமோதரை.

பதுளையிலிருந்து காலை ரயிலில் மேலே போய், பருப்பு வடையை வாங்கிக்கொண்டு அடுத்து வருகிற ரயிலில் கீழே இறங்கிப் பன்னிரண்டுக்கு வார்டில் நிற்பது என்று திட்டம். தெமோதரையில் ரயில்பாதை மலையைச் சுற்றி ஒரு வளையம் போடுகிறது. பதுளைக்குப் போகிற ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அந்த ஸ்டேஷனுக்கே நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். இதைப் போர்டிங்கில் இருந்தபோது ரயில் ஜன்னலால் ஓரிரு தடவை பார்த்தவன்தான். ஆனால் அந்த வளையத்தை வைத்து ஒரு குடும்பம் பிழைக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் தெமோதரையில் இறங்கிக் காத்திருக்க, பதுளைக்குப் போகிற ரயில் வந்து நின்றதும் வடைக்காரர் ஒரு கூடையோடு ஏறினார். பிளாட்பாரத்து ஓரத்தில் அடுப்பு மூட்டியிருந்த அவர் மனைவி, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கடைசி ஈட்டை வாரி இன்னொரு கூடையில் போட்டார், துணியால் மூடினார், தலையில் வைத்தார், மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஓடத் தொடங்கினார். ரயில் வளையம் சுற்றி வருவதற்குள் அவர் கீழே போய்விடுவார். சுரங்கத்தை விட்டு வெளியே வருகிற ரயிலின் மிதிபலகையில் புருஷன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வெறுங்கூடையை எறிவார், நிறைகூடையைப் பறிப்பார். பதுளை போகும் வரைக்கும் சூடான வடை.

இதை எனக்குச் சொன்னவர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்காரர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நானும் அந்தப் பெண்ணின் பின்னால் ஓடிவிட்டேன். பார்க்க வேண்டும், பார்த்தே ஆக வேண்டும். ஈர மண்ணில் வழுக்கி, ஒரு கையால் புல்லைப் பிடித்து, மற்றக் கையில் கொப்பியோடு இறங்கினேன். சுரங்கத்தின் வாய்க்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததும் உள்ளே இருந்து புகை முதலில் வந்தது, பிறகு இன்ஜின். மூன்றாவது பெட்டியில் அவர். கூடை கைமாறியது ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். நான் கைதட்டினேன் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பெட்டியும் போய், சத்தமும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் போக வேண்டிய ரயில் அது. வடையும் வாங்கவில்லை.

அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார், எதற்காக ஓடி வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். கூடையை மூடியிருந்த துணியை விரித்தார். உடைந்துபோன இரண்டு வடை அதில் ஒட்டியிருந்தன. அவற்றை என் கையில் வைத்தார்.

"இதப் பாக்கவா தம்பி ஓடியாந்தீங்க," என்றார். "அவரு தவறவுடுற நாளும் இருக்கு. வடை போனாப் போவுது. ஒவ்வொரு தடவையும் கையப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன், நான் ரயிலப் பாத்ததே இல்ல."

மத்தியானம் வரைக்கும் பஸ் வரவில்லை. பிறகு வந்ததும் ஏறின கொஞ்ச நேரத்திலேயே புகை கக்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். இனி எப்போது என்று ஒருவர் கேட்டதற்கு, இதற்கு மனசு வரும்போது என்றார். நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு உடைந்த வடையும் சட்டைப் பையில் நனைந்தன. பருப்பு வடை, உண்மையான பருப்பு. கரைந்து வீணாகப் போகிறதே என்று ஒரு துண்டைத் தின்றேன். பிறகு இன்னொரு துண்டு. பதுளையின் முதல் கடைகள் தெரிகிறபோது பையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் கதவைச் சாத்தியிருந்தார். சாயங்கால பெல்லும் அடித்தாகிவிட்டது. எவ்வளவு சொல்லியும் விடவில்லை. அவர் வேலை அது. அன்றைக்கு முழுவதும் புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் பகல் பெல் அடிப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். வார்டு வாசலில் மிஸ்ஸி எனக்காகக் காத்திருந்தார். மெலிந்த, கண்டிப்பான சிங்கள நர்ஸ். "நீ கொண்டு வருவது இவளுக்கா, எறும்புக்கா?" என்று கேட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அலமாரியின் மேல், உடுப்பு வைத்து நான் கொண்டுவந்த தகரப்பெட்டி திறந்து கிடந்தது. வடைகள் தாமரை இலைக்குள் நீலமும் சாம்பலுமாகப் பூத்திருந்தன. அச்சாற்றுத் தண்ணீர் கசிந்து அவள் மாற்றுத் தாவணியைத் தின்றிருந்தது. எள்ளுருண்டை நான்கும் எறும்பு மூடிக் கறுப்பு உருண்டையாக இருந்தன. ஆஸ்பத்திரியில் காலையில் கொடுக்கிற பாண் துண்டுகள், ஐந்து நாளுக்கும் உரியவை, அடுக்கி ஒரு துணியில் கட்டியிருந்தன. கடலைச் சுருள் மட்டும் அப்படியே, வாய் மடித்தபடி. இரண்டு கடலைதான் குறைந்திருக்கும்.

சோமாவதி அக்கா அழுதுவிட்டார். தான்தான் ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து வைத்துக் கொடுத்ததாகவும், பிறகு பசிக்கும்போது சாப்பிடுவாள் என்று நினைத்ததாகவும், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். காலையில் எடுத்த இரத்தப் பரிசோதனை பற்றி மிஸ்ஸி சொன்னார். ஏறவில்லை. இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

புஷ்பம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. எதுக்குடி இப்படிப் பண்ணினே என்றேன்.

"தோட்டத்துக்குப் போறப்ப வெறுங்கையோட போறதா?"

எங்கள் லயத்தில் பதினான்கு வீடு. ஒரே கூரை, நடுவில் சுவர். யார் டவுனுக்குப் போனாலும் திரும்பி வரும்போது பதினான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஒரு பொட்டலம் வர வேண்டும். ஆளுக்கு ஒரு மிட்டாயாக இருந்தாலும் சரி, ஒரு வடையைப் பதினாலாகப் பிட்டாலும் சரி. டவுனுக்குப் போய் வெறுங்கையோடு வந்தவரைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். போர்டிங்கில் இருந்தபோது ஒவ்வொரு விடுமுறைக்கும் நானும் பொட்டலத்தோடுதான் போனேன், பிள்ளைகள் என்னைச் சுற்றி நிற்பதில் எனக்குப் பெருமை வேறு. புஷ்பமும் அந்தக் கூட்டத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவளிடம் யார் பொட்டலம் கேட்கப் போகிறார்கள் என்றேன்.

"கேக்க மாட்டாங்க. அதான்." முகத்தை என் பக்கம் திருப்பினாள். "எல்லார் கையிலயும் வாங்கித் தின்னிருக்கேன் அண்ணே. நா ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. இப்பத்தானே டவுனுக்கு வந்திருக்கேன். இந்தக் கால வச்சுக்கிட்டு இனி எப்ப வரப் போறேன்?"

வடை இத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று எப்படி நினைத்தாய் என்று மட்டும் கேட்டேன். ரொட்டி காய்ந்தால் பத்து நாள் இருக்குமே, வடையும் அப்படித்தான் என்று நினைத்தாளாம். நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் லயத்தில் வடை கெட்டுப்போய் யாரும் பார்த்ததில்லை. அது கெடுகிற வரைக்கும் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு ஆயா வாளி கொண்டுவந்து எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். வாளி கதவைத் தாண்டும் வரைக்கும் புஷ்பத்தின் கண் அதன் பின்னாலேயே போனது. கடலைச் சுருளை மட்டும் மிஸ்ஸி எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பெல் அடித்து வெளியே வந்து, ஆஸ்பத்திரி மதிலோரம் மழையில் நின்றேன். கொப்பியைத் திறந்து பார்த்தேன். கடலைக்குச் சரி, வடைக்குச் சரி, அச்சாற்றுக்கு இரண்டு சரி. அவள் தின்றது என்று நான் எழுதியது எல்லாம் நான் தின்றது. நான்கு நாள், நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, பதுளையின் தெருக்களில் நான் ஒரு திருவிழா பார்த்திருக்கிறேன். அதே நான்கு நாளும் அவள் ஒரு லயத்துக்குப் பொட்டலம் சேர்த்திருக்கிறாள்.

சாயங்காலம் வடைக்கார நானாவிடம் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை. ஒரு கடையில் சுடச்சுட ரொட்டியும் கட்டசம்பலும், ஒரு அவித்த முட்டையும் வாங்கிக்கொண்டு போனேன். கூச்சமாவது ஒன்றாவது, என் கண்ணுக்கு முன்னால் தின்னு என்றேன். போகும்போது எல்லா வீட்டுக்கும் நானே பொட்டலம் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"எத வச்சு?" என்றாள்.

முட்டையில் பாதி, ரொட்டியில் நாலு வாய். அவ்வளவுதான். தொண்டைக்குள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஒவ்வொரு வாயிலும் யாருடைய பங்கையோ தான் தின்றுவிடுவதுபோல அவள் முகம் இருந்தது. பெல் அடித்ததும் மிச்ச ரொட்டியை மடித்தாள். மடித்த கை பெட்டிப் பக்கம் போய், பாதி வழியில் நின்றது. நான் வாங்கிக்கொண்டேன். அதை வாங்கியது எனக்கே ஒரு திருட்டுப்போல இருந்தது. அந்த ரொட்டியை இன்னும் தின்னவில்லை, எறியவும் இல்லை.

வெளியே வரும்போது சோமாவதி அக்கா கூப்பிட்டார். விடியக்காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் மண்பானையில் இலைக்கஞ்சி கொண்டுவந்து விற்பாளாம், சிரட்டையில் ஊற்றி, கடித்துக்கொள்ள ஒரு கருப்பட்டித் துண்டோடு. தனக்குக் கை முறிந்ததிலிருந்து தன் புருஷன் அதைத்தான் கொண்டுவந்து தருகிறார் என்றார். வல்லாரை, முருங்கை, தேங்காய்ப்பால், குறுணல் அரிசி. நான் இதுவரை அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. நோயாளிக் குடிப்பு, அதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

காலையில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. மிஸ்ஸியிடம் போய் நின்றேன். அவர் என்னையும், என் கையில் இருந்த ரொட்டியையும் பார்த்தார். "ஆறு மணி. ஐந்து நிமிடம். பெட்டியைத் தொடக்கூடாது," என்றார்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அங்கிருந்து நேராகக் கஞ்சிக்காரியின் வீடு எங்கே என்று விசாரித்துப் போய், நாளைக்கு முதல் சிரட்டை எனக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். கஞ்சியைத் துணியில் முடிய முடியாது. இலையில் கட்ட முடியாது. அம்மா அங்கே பெரட்டில் நிற்கிற அதே நேரத்துக்கு இங்கே அவள் கையில் சிரட்டையைக் கொடுத்து, ஆறுவதற்குள் முழுவதையும் குடிக்க வைத்துப் பார்க்கப் போகிறேன். கருப்பட்டித் துண்டைக் கையில் கொடுத்தால் கடிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள். அதைக் கஞ்சியிலேயே கரைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.